அம்மையப்பன் வீட்டுக்கு டிக்கெட் விற்குமா?

‘சம்சாரம் அது மின்சாரம்’ வெளிவந்து நாற்பது ஆண்டாகிறது. அந்தப் படத்தின் நெகட்டிவைத் துலக்கி, நிறத்தையும் ஒலியையும் சீர்படுத்தி, புதுப் படத்துக்குரிய மரியாதையோடு திரையரங்கில் போட்டால் ஓடுமா? சினிமா வியாபாரத்தில் இருப்பவர்களிடம் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். “டிவியில் நூறு தடவை போட்டாச்சு. அதுல விசில் அடிக்க என்ன இருக்கு? ஓப்பனிங் வராது” என்பார்கள். ஓப்பனிங் வராது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அதனால் படம் ஓடாது என்று முடிவு கட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை. பழைய குடும்பப் படத்தின் வசூலை வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளில் அளக்கும் பழக்கம்தான் அதைக் கொல்கிறது.

2024 ஏப்ரலில் ‘கில்லி’ மறுவெளியீடானபோது நடந்ததை எல்லோரும் பார்த்தோம். 2004 ஏப்ரலில் வந்த படம். இருபது ஆண்டு கழித்து, புதுப் படங்கள் வறண்டு கிடந்த ஒரு கோடையில், பல கோடி ரூபாய் வசூலித்தது. அதன்பின் மறுவெளியீடுகள் வரிசை கட்டின. 2025இல் ‘சச்சின்’ வந்தது, விஜயகாந்தின் ‘கேப்டன் பிரபாகரன்’ வந்தது, ரஜினியின் 75ஆவது பிறந்த நாளையொட்டி ‘படையப்பா’ வந்தது. எல்லாம் நட்சத்திரப் படங்கள். பிறந்த நாள், கட்-அவுட், பாட்டுக்குத் திரைக்கு முன்னால் ஆட்டம் என்று ரசிகர் மன்றத்தின் உழைப்பு இவற்றுக்குப் பின்னால் இருக்கிறது. அந்த உழைப்புக்கு வசூலில் ஒரு விலை உண்டு. விளம்பரச் செலவில் பாதியை ரசிகர்களே சுமந்துவிடுகிறார்கள். ‘சம்சாரம் அது மின்சாரம்’ படத்தின் அப்பா அம்மையப்ப முதலியாருக்கு ரசிகர் மன்றம் இல்லை. அந்த வேடத்தில் நடித்து, படத்தை எழுதி இயக்கிய விசு 2020இல் காலமானார். அவர் பிறந்த நாளுக்குப் பாலாபிஷேகம் செய்ய யாரும் வரப்போவதில்லை.

ஆனால் ‘கில்லி’க்கு வந்த கூட்டத்தின் வயதைக் கவனிக்க வேண்டும். திரைக்கு முன்னால் ஆடியவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தவர்கள். படம் முதலில் வந்தபோது அவர்கள் கைக்குழந்தைகள், அல்லது பிறக்கவே இல்லை. அவர்கள் அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்தவர்கள். வசனம் மனப்பாடம், அரங்கில் பார்த்ததில்லை, அவ்வளவுதான். ஏக்கம் என்று நாம் பேசும் விஷயம் பெரும்பாலும் இதுதான். ஏற்கெனவே அனுபவித்ததைத் திரும்ப அனுபவிக்கும் ஆசையைவிட, தனக்குக் கிடைக்காமல் போனதை ஒருமுறையாவது அனுபவித்துவிட வேண்டும் என்ற ஆசைக்கு வேகம் அதிகம். மறுவெளியீட்டின் முதல் வாடிக்கையாளர் பழைய ரசிகர் அல்லர்; அரங்கைத் தவறவிட்டவர்.

அப்படியானால், தொலைக்காட்சியில் நூறு தடவை போட்டாயிற்று என்ற வாதம் தலைகீழாகிறது. விசு படத்தையும் விக்ரமன் படத்தையும் அரங்கில் தவறவிட்டு, வீட்டுக் கூடத்தில் பாயில் உட்கார்ந்து பார்த்தவர்கள் எத்தனை லட்சம் பேர்! தூர்தர்ஷனின் ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் தொடங்கி, 1993இல் சன் டிவி வந்தபின் பண்டிகைக்குப் பண்டிகை பார்த்தவர்கள். அன்றைக்கு எட்டு வயதுப் பெண்ணாக இருந்தவர் இன்று நாற்பதை நெருங்குகிறார் அல்லது தாண்டிவிட்டார். பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கிறது. வீட்டிலோ பக்கத்துத் தெருவிலோ அம்மா இருக்கிறார். மூன்று தலைமுறைக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கிற முடிவு அவர் கையில். சினிமாக்காரர்கள் ‘தாய்க்குலம்’ என்று பெயர் வைத்து ஒரு காலத்தில் கும்பிட்ட அந்தப் பார்வையாளரை இன்றைய மறுவெளியீடு எதுவும் கூப்பிடவே இல்லை. கூப்பிடாதவர் வரவில்லை என்று கணக்கெழுதுகிறோம்.

கூப்பிட்டால் வருவார் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. பி.ஆர்.பந்துலுவின் ‘கர்ணன்’ 1964 பொங்கலுக்கு வந்த படம். அதைத் திவ்யா ஃபிலிம்ஸ் டிஜிட்டலில் மீட்டு 2012 மார்ச்சில் எழுபதுக்கும் மேற்பட்ட அரங்குகளில் வெளியிட்டது. முன்னோட்டம் வெளியிட விழா, பத்திரிகை விளம்பரம், சுவரொட்டி எல்லாம் புதுப் படம்போலவே. சிவாஜி ரசிகர்கள் முதல் நாள் ஆரத்தி எடுத்தார்கள், உண்மை. ஆனால் நூறு நாளைத் தாண்டி ஓட்டியவர்கள் அவர்கள் மட்டும் அல்லர். தாத்தாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்த பேரன்கள், மகாபாரதக் கதை தெரியட்டும் என்று பிள்ளைகளைக் கூட்டி வந்த தாய்மார்கள், படிக்கட்டு ஏறவே சிரமப்படுகிற வயதில் மேட்னிக்கு வந்த தம்பதிகள். அடுத்து 2014இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ அதே வழியில் வந்து வெள்ளிவிழா கண்டது. ‘கர்ண’னின் வெற்றியைச் சிவாஜி, என்.டி.ராமராவ் என்ற இரண்டு பெயர்களில் அடக்கிவிடுவது பிழை. ஒரு வீட்டில் எல்லோருக்கும் ஏதோ ஒன்று அதில் இருந்தது. அந்த வீடு முழுவதும் வந்து சேருகிற அளவுக்கு அரங்குகள் அதைப் பல வாரம் தாங்கிப் பிடித்தன. இரண்டாவதைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

ஒரு படத்தைப் பல ஆண்டு கழித்துத் திரும்பப் போடுவது புதிய தந்திரமும் இல்லை. டெண்டுக் கொட்டகைக் காலத்தில் அது அன்றாட வியாபாரம். முதல் ஓட்டம் முடிந்த பிரிண்டுகள் சிற்றூர்களுக்குப் போகும். சில ஆண்டுகள் கழித்து மறுபடி நகரத்துக் காலைக்காட்சிக்கு வரும். எம்ஜிஆர், சிவாஜி படங்களின் மறுவெளியீட்டு உரிமையை வாங்கி வைத்துக்கொண்டு அதிலேயே குடும்பம் நடத்திய விநியோகஸ்தர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி நிறுவனம் இதையே ஒரு காலண்டராக வைத்திருந்தது. 1937இல் எடுத்த ‘ஸ்நோ ஒயிட்’ படத்தை 1944, 1952, 1958, 1967, 1975, 1983, 1987, 1993 என்று அரங்குகளுக்குத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கிட்டத்தட்ட ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை. அதற்குள் புதிதாக ஒரு கூட்டம் பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள். முந்தைய முறை பார்த்த பிள்ளைகள் பெற்றோராகும் வழியில் இருப்பார்கள். இடைப்பட்ட காலத்தில் படம் எங்கும் கிடைக்காது. 1994இல் அதை வீடியோவில் விற்ற பிறகு அந்தக் காலண்டர் ஓய்ந்தது.

ஓய்ந்ததாக நினைத்ததை ‘தி லயன் கிங்’ 2011இல் மாற்றிக் காட்டியது. பதினேழு ஆண்டு பழைய படம். முப்பரிமாணமாக்கி, செப்டம்பரில் இரண்டே வாரத்துக்கு என்று திட்டமிட்டு வெளியிட்டார்கள். முதல் வாரமே வசூல் பட்டியலில் முதலிடம். எடுக்க மனமில்லாமல் நீட்டித்தார்கள். அமெரிக்க, கனடா அரங்குகளில் மட்டும் சுமார் 9 கோடியே 40 லட்சம் டாலர் வந்தது. உடனே பேராசை பிடித்துக்கொண்டது. 2012 தொடக்கத்தில் ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’ முப்பரிமாணத்தில் வந்து ஏறக்குறைய அதில் பாதி எடுத்தது. அதே ஆண்டு ‘ஃபைண்டிங் நீமோ’ சுமார் 4 கோடியே 10 லட்சம். ஆண்டு முடிவில் ‘மான்ஸ்டர்ஸ், இன்க்.’ அதற்கும் கீழே. அடுத்து வரவிருந்த ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ முப்பரிமாண வெளியீட்டைக் கைவிட்டார்கள். பதினாறு மாதத்துக்குள் ஒரு நல்ல யோசனை நீர்த்துப்போனது. படங்கள் மோசமில்லை, அவற்றில் எதையும் யாரும் வெறுக்கவில்லை. குடும்பத்தை ஆண்டுக்கு ஒருமுறை திருவிழாவுக்குக் கூப்பிடலாம்; காலாண்டுக்கு ஒருமுறை கூப்பிட்டால் அது திருவிழாவாக இருக்காது. இங்கே இப்போது மாதத்துக்கு மூன்று மறுவெளியீடு வருகிற வேகத்தைப் பார்த்தால் எனக்கு அந்த 2012தான் நினைவுக்கு வருகிறது.

சரி, படத்துக்கு வருவோம். ஏன் ‘சம்சாரம் அது மின்சாரம்’? ஏவி.எம். தயாரிப்பு, 1986, ஆரோக்கியமான பொழுதுபோக்கு தரும் சிறந்த ஜனரஞ்சகப் படத்துக்கான தேசிய விருது பெற்றது, தெலுங்கு, இந்தி, கன்னடம், மலையாளம் என நான்கு மொழிகளுக்கும் போனது. இந்தப் பெருமைகளால் டிக்கெட் விற்காது. கதை விற்கும். சம்பாதிக்கிற மூத்த மகன் வீட்டுச் செலவில் தன் பங்கு எவ்வளவு, தம்பி தங்கைக்கு ஆவது எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிறான். பேச்சு முற்றுகிறது. அப்பா வீட்டின் நடுவே கோடு கிழிக்கிறார். கூடத்தில் ஆரம்பித்து மனங்களுக்குள் ஓடுகிற அந்தக் கோட்டைத் தமிழ்நாட்டில் அடையாளம் தெரியாத வீடு எது? இன்றைக்கு அது வீட்டுக் கடன் தவணையில் அண்ணன் எவ்வளவு, தம்பி எவ்வளவு என்று வருகிறது. வயதான பெற்றோரின் மருத்துவமனைச் செலவை யார் கட்டுவது என்று வருகிறது. வெளிநாட்டில் இருக்கிற மகன் அனுப்பும் பணத்துக்கும் உள்ளூரில் இருந்து கவனித்துக்கொள்கிற மகளின் உழைப்புக்கும் எது பெரிது என்று வருகிறது. 1986இல் அந்தப் படத்தைப் பார்த்து அழுதவர்களைவிட இன்று பார்ப்பவர்களுக்கு அதில் கணக்குகள் அதிகம் புரியும்.

படத்தின் முடிவு இன்னும் முக்கியம். நம் குடும்பப் படங்களில் பெரும்பாலானவை பிரிந்தவர்கள் ஒன்றுசேர்ந்து காலில் விழுந்து குழுவாகப் புகைப்படம் எடுப்பதில் முடியும். இதில் மூத்த மருமகள் உமா கோட்டை அழிக்க வழி செய்துவிட்டு, அதன்பின் தனிக்குடித்தனம் போகலாம் என்று தானே முடிவெடுக்கிறார். உறவு கெடாமல் இருக்கத் தள்ளி இருப்போம், அடிக்கடி வந்து பார்ப்போம் என்கிறார். உமாவாக நடித்த லட்சுமி அந்தக் காட்சியை நிமிர்ந்து நின்று செய்திருப்பார். அது அந்தக் காலத்துக்குத் துணிச்சல். இந்தக் காலத்துக்கு ஆறுதல். பெற்றோரை விட்டு வேறு ஊரில் வாழ்கிற, அதற்காக உள்ளுக்குள் குற்ற உணர்வைச் சுமக்கிற ஒரு தலைமுறை முழுவதும் அந்தக் கடைசிக் காட்சியை அரங்கில், பக்கத்து இருக்கையில் அம்மா அப்பாவை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். அந்த அனுபவத்தைக் கைபேசித் திரை தராது. இந்தப் படத்தைத் தேர்ந்தெடுக்க எனக்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

சிரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். விசில் இல்லை என்கிறார்களே, முந்நூறு பேர் சேர்ந்து சிரிப்பது மட்டும் சத்தமில்லையா? வேலைக்காரி கண்ணம்மாவாக வரும் மனோரமா, சம்பந்தியாக வரும் கிஷ்முவை வாயடைக்க வைக்கும் காட்சியைத் தனியாகப் பார்த்தால் புன்னகை வரும். கூட்டத்தில் பார்த்தால் அடுத்த வசனம் காதில் விழாது. மேடை நாடகத்திலிருந்து வந்தவர் விசு. கூட்டத்தின் சிரிப்பு அடங்க எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று தெரிந்து எழுதியவர். அவருடைய வசனத்துக்கு வீட்டுக் கூடம் போதாது. இன்னொன்று, ரகுவரன். பிடிவாதக்கார மூத்த மகனாக அவர் செய்தது இளைஞர்களுக்குப் புதிதாக இருக்கும். ‘பாட்ஷா’வின் ஆண்டனியாக, ‘முதல்வ’னின் முதலமைச்சராக மட்டும் அவரை அறிந்து, அவர் மறைந்து பல ஆண்டுக்குப் பிறகும் அவரைக் கொண்டாடுகிற இளைஞர் கூட்டம் ஒன்று இருக்கிறது. விளம்பரத்தில் விசுவுக்கு அடுத்து பெரிதாகப் போட வேண்டிய முகம் அவருடையது.

எல்லாப் பழைய குடும்பப் படமும் இந்த மறுபிறப்புக்குத் தகுதியானது என்று நான் சொல்லவில்லை. மனைவி அடங்கிப் போவதே குடும்பம் என்று பாடம் நடத்திய படங்கள் நிறைய. அவற்றை மகளோடு உட்கார்ந்து பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். மறுபுறம், பாலசந்தரின் ‘பாமா விஜயம்’ போல, பக்கத்து வீட்டுக்கு நடிகை வந்ததும் வரவுக்கு மீறிச் செலவழித்துத் தடுமாறும் மூன்று மருமகள்களின் கதை, 1967இல் கறுப்பு வெள்ளையில் எடுத்தது, இன்றைய கடனட்டை வீடுகளுக்கு அப்படியே பொருந்தும். தேர்வில் கறார் வேண்டும். பழைய பெயரை மட்டும் வைத்துக்கொண்டு புதிதாக எடுக்கும் முயற்சியும் பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. 2016இல் வந்த ‘மணல் கயிறு 2’ எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

இப்போது பணம். நகரத்து மல்டிபிளெக்ஸில் டிக்கெட் ரூ.190 அளவில் இருக்கிறது. தாத்தா பாட்டியோடு ஆறு பேர் போனால் டிக்கெட்டே ரூ.1,100ஐத் தாண்டும். வண்டி நிறுத்தக் கட்டணம், பாப்கார்ன், போக்குவரத்து எல்லாம் சேர்ந்தால் டிவியில் இலவசமாக வரும் படத்துக்கு இவ்வளவா என்று அந்த வீட்டில் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆகவே டிக்கெட் ரூ.100க்குள் இருந்தாக வேண்டும். அதற்கு வரியிலும் ஒரு காரணம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நூறு ரூபாய் வரையுள்ள டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்; நூறைத் தாண்டினால் 18 சதவீதம். உள்ளாட்சிக் கேளிக்கை வரி தனி. புதுப் பெரிய படத்துக்குப் பொருந்தாத இந்தச் சலுகை பழைய குடும்பப் படத்துக்கென்றே தைத்த சட்டைபோல இருக்கிறது. மறுவெளியீடு செய்கிறவர்கள் இதை ஏன் முழுதாகப் பயன்படுத்துவதில்லை என்று எனக்குப் புரியவில்லை.

மிகக் குறைவாகவே கணக்குப் போடுவோம். முந்நூறு இருக்கை அரங்கு, ஒரு மேட்னி, ஒரு மாலைக்காட்சி. காட்சிக்கு நூறு பேர், அதாவது மூன்றில் ஒரு பங்கு. டிக்கெட் ரூ.90. நாளுக்கு ரூ.18,000. நான்கு வாரத்துக்கு ரூ.5 லட்சத்தைச் சற்றே தாண்டும். ஐம்பது அரங்கென்றால் இரண்டரைக் கோடி. வரியும் அரங்கின் பங்கும் போனாலும் மீட்புச் செலவு, டிஜிட்டல் கட்டணம், விளம்பரம் ஆகியவற்றைத் தாங்கக்கூடிய தொகை. ‘கில்லி’யின் பக்கத்தில் நிற்காது. நிற்கவும் வேண்டாம். ஆனால் இந்தக் கணக்கில் ‘நான்கு வாரம்’ என்ற சொல்தான் உயிர். முதல் நான்கு நாள் கூட்டம் நாற்பது பேராக இருக்கும். அம்மா முதலில் போய்ப் பார்த்து, அக்காவிடம் சொல்லி, அக்கா பிள்ளைகளின் பரீட்சை முடியட்டும் என்று காத்திருந்து வருகிற பார்வையாளர் இவர்கள். திங்கட்கிழமையே காட்சியை வேறு படத்துக்கு மாற்றிவிட்டால் அக்கா வரும்போது படம் இருக்காது.

அரங்கு உரிமையாளர்களின் நெருக்கடி எனக்குத் தெரியாததில்லை. ஆண்டுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் படங்கள் வருகின்றன. வெள்ளிக்கிழமைதோறும் நான்கைந்து பேர் காட்சி கேட்டு நிற்கிறார்கள். ஆனால் அவற்றில் பலவற்றுக்கு வெறும் இருக்கைகளுக்கே படம் ஓட்டுவதும் அவர்களுக்குத் தெரியும். சென்னை அண்ணா நகரில் ஒரு மல்டிபிளெக்ஸில் ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ நாளுக்கு ஒரு காட்சியாக ஆயிரம் நாளைத் தாண்டி ஓடியிருக்கிறது. ஒரே அரங்கு, நிரந்தரமான நேரம், எப்போது போனாலும் படம் இருக்கும் என்ற நம்பிக்கை. அதற்குமேல் அந்தப் படத்துக்கு எந்த விளம்பரமும் தேவைப்படவில்லை. காதலர்களுக்குத் தந்த அந்த வசதியைக் குடும்பங்களுக்கும் தரலாம். சேலம், திருச்சி, மதுரை, நாகர்கோவில், வேலூர் என ஊருக்கு ஓர் அரங்கில், தினமும் பகல் இரண்டரை மணி என்று அறிவித்து ஆறு வாரம் கையை வைக்காமல் விட்டுவிட வேண்டும்.

இந்தி இயக்குநர் சூரஜ் பர்ஜாத்யா 1994இல் ‘ஹம் ஆப்கே ஹைன் கௌன்’ படத்தை விற்ற முறையையும் இங்கே நினைக்கலாம். கேபிள் டிவியும் திருட்டு வீடியோவும் குடும்பங்களை வீட்டுக்குள் கட்டிப்போட்டிருந்த காலம். பர்ஜாத்யா தரப்பினர் படத்தை நாடு முழுவதும் ஒரே நாளில் கொட்டவில்லை. முதலில் மிகச் சில அரங்குகள். அதுவும் ஒலியையும் இருக்கையையும் சீர்செய்துகொண்ட அரங்குகள். வீடியோ உரிமையை விற்காமல் கையில் வைத்துக்கொண்டார்கள். மும்பை லிபர்ட்டி அரங்கில் அது நூறு வாரத்துக்கு மேல் ஓடியது. கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா, பாட்டிக்கு ஏற வசதி இருக்கிறதா, குழந்தை அழுதால் வெளியே உட்கார இடம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் குடும்பம் அரங்கைத் தேர்ந்தெடுக்கும். ரசிகனுக்கு இவை பொருட்டில்லை. எங்கே ரசிகனுக்காக மட்டும் அரங்கு நடக்கிறதோ அங்கே குடும்பப் படம் தோற்கும், படத்தின்மீது எந்தக் குற்றமும் இல்லாமல்.

வீடியோ உரிமையைப் பூட்டி வைத்த அந்தப் பாடம் நமக்கு நேரடியானது. மறுவெளியீட்டுக்கு ஓராண்டு முன்பாவது படத்தைத் தொலைக்காட்சி ஒளிபரப்பிலிருந்தும் இணையத்திலிருந்தும் எடுத்துவிட வேண்டும். உரிமைகள் பல கைகளில் சிதறிக் கிடப்பதால் இது எளிதல்ல. சில படங்களுக்கு முடியவே முடியாது. முடிகிற படத்தைத்தான் முதலில் எடுக்க வேண்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் டிவியில் வந்துகொண்டிருந்த ஒரு படம் ஓராண்டு வராமல் இருந்தால் யாராவது ஒருவர் வீட்டில் கேட்பார்: “அந்த விசு படம் இப்பல்லாம் போடறதே இல்லையே?”

வெளியிட ஏற்ற நாள் மே மாதத்தின் இரண்டாவது அல்லது மூன்றாவது வெள்ளி. தமிழ்ப் புத்தாண்டுக்கு வந்த பெரிய படங்கள் அதற்குள் தளர்ந்திருக்கும். பிள்ளைகளுக்கு விடுமுறை மிச்சமிருக்கும். வெளியூர் உறவினர்கள் வீட்டுக்கு வந்திருப்பார்கள். பகலில் வெயில் கொளுத்தும்போது குளிரூட்டிய அரங்கில் ரூ.90க்கு இரண்டரை மணி நேரம் என்பது சிற்றூரில் இன்றைக்கும் ஈர்ப்புள்ள விஷயம். முதல் வாரம் கைவிரல் விட்டு எண்ணும் கூட்டம், மூன்றாவது வாரம் அரங்கு நிறைவு, ஜூனில் பள்ளி திறக்கும்போது இறக்கம் என்றுதான் இதன் வரைகோடு இருக்கும் என நான் எதிர்பார்க்கிறேன். முதல் வாரத்து அறிக்கையை வைத்துத் தீர்ப்பெழுதாமல் மூன்றாவது வாரம் வரை பொறுக்கிற ஒரு தயாரிப்பாளரும், ஐம்பது அரங்கு உரிமையாளர்களும் கிடைத்தால் இந்தப் படம் போட்ட பணத்தை எடுத்துவிடும்.